ஜென்டூவில் 32 பிட் தலைவலி: கேட்டவையும் சொன்னவையும்

ஜென்டூ லினக்ஸில் வைன் (விண்டோஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) போடப் போனால், இந்த லைப்ரரிக்கு எல்லாம் 32 பிட் ஃப்ளாக் (பேக்கேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் சுவிட்ச்) வை என்று எமர்ஜ் (ஜென்டூவின் நிறுவல் கட்டளை) ஒரு நீளப் பட்டியலை நீட்டுகிறது. மொத்தத்துக்கும் ஒரே வரியில் போட்டுவிடலாமா அண்ணா?

போடலாம், போடாதீர்கள். நானும் ஆரம்பத்தில் சோம்பேறித்தனப்பட்டு அந்த ஒரு வரியைப் போட்டேன். ஃப்ளாக் வைத்த பேக்கேஜ் ஒவ்வொன்றையும் ஜென்டூ 64 பிட்டுக்கு ஒரு தடவை, 32 பிட்டுக்கு ஒரு தடவை என்று மூலத்திலிருந்தே கம்பைல் செய்யும், எல்எல்விஎம் (கம்பைலர் கருவித்தொகுப்பு) மாதிரி ஒரு பூதம் அந்த வரிசையில் நின்றால் விசிறிச் சத்தத்தோடு விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எமர்ஜ் கேட்டதற்கு மட்டும் வையுங்கள்.

பட்டியலைக் கையால் எழுதவும் வேண்டாம். எமர்ஜுக்கு ஆட்டோஅன்மாஸ்க்-ரைட் என்ற ஆப்ஷன் கொடுத்தால் அதுவே எழுதும், டிஸ்பேட்ச்-கான்ஃபில் (அமைப்புக் கோப்பு மாற்றங்களைக் காட்டி ஒப்புதல் கேட்கும் கருவி) ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ஃப்ளாக்குகளைக் குறித்து வைக்கும் பேக்கேஜ்.யூஸ் அடைவில் அகரவரிசைப்படி கடைசியாக வரும் கோப்பில்தான் அது எழுதும், அதனால் பலர் இசட் இசட் என்று தொடங்கும் வெற்றுக் கோப்பு ஒன்றை முன்பே வைத்திருப்பார்கள். எழுதி முடித்ததும் அந்தக் கோப்புக்கு 'வைன்' என்று பெயர் மாற்றிவிடுங்கள். நாளைக்கு வைன் வேண்டாம் என்றால் கோப்பை அழித்து, எமர்ஜுக்கு சேஞ்ச்டு-யூஸ், டீப் என்ற ஆப்ஷன்கள் இரண்டும் சேர்த்து வேர்ல்டை (நீங்கள் நிறுவிய பேக்கேஜ்களின் தொகுப்பு) புதுப்பித்தால் 32 பிட் சுமை தானாக இறங்கிவிடும்.

வைனில் வாவ்64 என்று ஒரு ஃப்ளாக் பார்த்தேன், அது என்ன?

முதல் கேள்வி கேட்டவரும் இதைப் படிக்கட்டும். அதை வைத்தால் 32 பிட் விண்டோஸ் நிரல்கள் 64 பிட் லைப்ரரிகளை வைத்தே ஓடும், அந்த நீளப் பட்டியலே தேவையில்லை. சில பழைய விளையாட்டுகள் மட்டும் முரண்டு பிடிக்கலாம்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, இயக்கினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. பைத்தியம் பிடிக்கிறது சார்.

இல்லாதது உங்கள் நிரல் இல்லை, அதை ஏற்றிவிடும் 32 பிட் லோடர். ஃபைல் கட்டளையால் பாருங்கள், 32 பிட் என்று வரும், கூடவே அது தேடும் லோடரின் பாதையும் தெரியும். லோடர் இருந்தும் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வந்தால் அது வேறு கதை, கெர்னலில் ஐஏ32 எமுலேஷன் (64 பிட் கெர்னலில் 32 பிட் நிரல்களை ஓடவிடும் வசதி) அணைந்திருக்கிறது.

பழைய நிரல் ஒன்று என்கர்சஸ் (டெர்மினல் திரைக்கான லைப்ரரி) 5 கேட்கிறது, என்னிடம் 6 இருக்கிறது. 5 என்ற பெயரில் 6-ஐச் சுட்டும் சிம்லிங்க் போட்டால் போதுமா?

வேண்டவே வேண்டாம். உள்ளே ஏபிஐ (ABI, கம்பைல் ஆன நிரலும் லைப்ரரியும் பேசிக்கொள்ளும் முறை) மாறியதால்தான் எண்ணே மாறியது, இன்று ஓடுவது மாதிரி தெரியும், நாளைக்கு ஏன் விழுந்தது என்றே புரியாது. இதற்கென்றே என்கர்சஸ்-காம்பேட் என்று தனிப் பேக்கேஜ் இருக்கிறது. நிரல் லிப்கிரிப்ட் 1 (கடவுச்சொல் குறியாக்க லைப்ரரி) கேட்டால் லிப்எக்ஸ்கிரிப்ட் பேக்கேஜில் காம்பேட் ஃப்ளாக் வையுங்கள். நிரல் 32 பிட் என்றால் அந்தப் பேக்கேஜுக்கும் 32 பிட் ஃப்ளாக் சேர்க்க வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

நோ-மல்டிலிப் ப்ரொஃபைலில் (32 பிட் ஆதரவே இல்லாத 64 பிட் அமைப்பு) இருக்கிறேன். இசெலக்ட் கட்டளையில் மல்டிலிப்புக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

ஆகாது. 32 பிட் ஜிலிப்சி (நிரல்களுக்கு அடிப்படையான சி லைப்ரரி) கட்ட 32 பிட் தெரிந்த ஜிசிசி (கம்பைலர்) வேண்டும், அந்த ஜிசிசியைக் கட்ட 32 பிட் ஜிலிப்சி வேண்டும். கோழியா முட்டையா கதை. மல்டிலிப் ஸ்டேஜ்3 (ஜென்டூவின் அடிப்படை அமைப்புத் தொகுப்பு) எடுத்துப் புதிதாக நிறுவுவதுதான் நிம்மதி. ஒரே ஒரு நிரலுக்காக என்றால் அதே ஸ்டேஜ்3-ஐ ஒரு அடைவில் விரித்து, க்ரூட் செய்து (அந்த அடைவையே வேர் அடைவாக்கி) உள்ளே ஓட்டுங்கள், கெர்னலில் மேலே சொன்ன ஐஏ32 மட்டும் இயங்க வேண்டும்.