‘சுவர் வழியாக வந்து திருடுகிறார்கள்’ என்கிறார் அத்தை: இது டிமென்ஷியாவின் தொடக்கமா?

கேள்வி: பெங்களூரு பானசவாடியில் இருக்கிறோம், டாக்டர். என் அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, வயது 72. எட்டு மாதமாக, மேல் வீட்டுக்காரர்கள் ராத்திரியில் சுவர் வழியாக இறங்கி வந்து நகையையும் அரிசியையும் எடுத்துப் போகிறார்கள் என்கிறார். போன மாதத்திலிருந்து அவர்களோடு நானும் கூட்டாம். படுக்கும் முன் அறை வாசலில் கோலமாவைத் தூவி வைத்து, விடிந்ததும் குனிந்து கால்தடம் தேடுகிறார். ஆனால் ஞாபகசக்தி அபாரம், பேரனின் ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு என்பது வரை சொல்கிறார். காது மட்டும் மந்தம், டிவி சத்தம் தெருவுக்கே கேட்கும். அரிப்புக்கு ரொம்ப நாளாக ஒரு மாத்திரை போடுகிறார். பக்கத்தில் ஒரு டாக்டர் மனநலத்துக்கு மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, அதிலிருந்து கை விறைத்து, காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வயதான பிறகு இப்படி வந்தால் டிமென்ஷியா வரும் என்று ஆராய்ச்சி சொல்வதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: சகோதரி, முதலில் மாத்திரை விஷயம், அது காத்திருக்காது. மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த விறைப்பும் இழுத்து நடப்பதும் பெரும்பாலும் அந்த மாத்திரையால்தான் இருக்கும், வயசு என்று விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரை இன்றே கூப்பிட்டு, அடுத்த வேளை மாத்திரை போடும் முன் இதைச் சொல்லி, குறைப்பதா நிறுத்துவதா என்று கேளுங்கள். இதோடு காய்ச்சல், விழுங்க முடியாமை, எழுப்பினாலும் எழாத தூக்கம் எதாவது சேர்ந்தால் யாரையும் கேட்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், டிமென்ஷியாவில், அதாவது ஞாபகமும் யோசிக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் நோயில், லூயி பாடி டிமென்ஷியா என்று ஒரு வகை உண்டு, அந்த மூளை இந்த வகை மாத்திரைகளைத் தாங்காது, சின்ன டோஸுக்கே உடம்பு கட்டையாகிவிடும். அத்தைக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்த விறைப்பைப் பார்த்த பிறகு அதைக் கேட்காமல் விட முடியாது. ஆளில்லாத இடத்தில் குழந்தைகளோ பூனையோ தெரிகிறது என்கிறாரா? தூக்கத்தில் கத்தி, கை காலை உதைக்கிறாரா? ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மந்தமாகவும் இருக்கிறாரா? இந்த மூன்றையும் நாலு நாள் கவனித்து எழுதி வையுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்டது. ஆமாம், தொடர்பு இருக்கிறது. 60 வயது வரை மனநோயே இல்லாத ஒருவருக்கு அதற்குப் பிறகு முதன்முறையாக இப்படிப்பட்ட நம்பிக்கைகளோ, இல்லாத குரல்களோ வந்தால், அதை இளவயது மனநோயிலிருந்து பிரித்துத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே பல நாட்டு நிபுணர்கள் கூடிச் சொன்னார்கள். பிறகு இப்படிப்பட்டவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 9 நாடுகளைச் சேர்ந்த 11 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 1.3 கோடி பேரின் தகவல்களை, ஒன்றாக்கி 2022-இல் வெளியான ஆய்வில், சைக்கோசிஸ் வகை நோய், அதாவது இப்படி இல்லாததை நம்பும், இல்லாத குரல் கேட்கும் மனநோய், உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு. அது எல்லா வயதிலும் தொடங்கியவர்களைச் சேர்த்த கணக்கு. 60-க்கு மேல் தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால், ஸ்வீடனின் பதிவேடுகளில் அது சுமார் நான்கு மடங்கு.

ஆனால் நான்கு மடங்கு என்றதும் ‘அப்போ அத்தைக்கு நிச்சயம்’ என்று படிக்காதீர்கள். அந்த ஆய்வுகள் நடந்த காலத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு டிமென்ஷியா வரவில்லை. அப்புறம், ஆபத்து அதிகமாக இருந்தது சந்தேகம் தொடங்கிய ஆரம்ப காலத்தில்தான். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் சைக்கோசிஸ் போய் டிமென்ஷியாவை வரவழைக்கிறது என்பதைவிட, சிலருக்கு டிமென்ஷியாவே இந்த உருவத்தில் முதலில் தலைகாட்டுகிறது, மற்றவர்களுக்கு இது வேறு தனி நோய் என்று எடுத்துக்கொள்வதுதான் பொருந்துகிறது. அத்தை எந்தப் பக்கம் என்பதை ஒரே நாளில் யாராலும் சொல்ல முடியாது.

‘ஞாபகம் நன்றாக இருக்கிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பத்து குடும்பங்களில் ஒன்பது இதைத்தான் சொல்கிறது, அதனாலேயே ஒரு வருஷம் இரண்டு வருஷம் கழித்து வருகிறார்கள். அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், 1901-இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் ஆகஸ்டே என்ற 51 வயதுப் பெண்ணைப் பார்த்தார். வீட்டில் முதலில் கண்ணில் பட்டது மறதி இல்லை, கணவர் மேல் வந்த சந்தேகம், இன்னொருத்தியோடு தொடர்பு என்று. மறதி அதன் பின்னாலேயே வேகமாக வந்தது. 1906-இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் அல்சைமர் அந்த நோயை விவரித்தார். ஆக, இந்த நோய் மருத்துவத்துக்கு அறிமுகமானதே சந்தேகத்தின் வழியாகத்தான். 50 வயதுக்கு மேல் புதிதாக வந்து ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் இப்படிப்பட்ட மாற்றங்களை, ஞாபகம் நன்றாக இருந்தாலும், டிமென்ஷியாவின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்று கருதிக் கண்காணிக்க வேண்டும் என 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் வரையறையே எழுதினார்கள். அத்தைக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது.

சந்தேகத்தின் தன்மையும் கொஞ்சம் துப்பு தரும். அல்சைமரில் பொதுவாக, தானே எங்கோ வைத்து மறந்துவிட்டு ‘எடுத்துட்டாங்க’ என்பார்கள். சுவர், கூரை, தரை வழியாக ஆள் வருகிறது என்பது, 60-க்குப் பிறகு தொடங்கும் தனி சைக்கோசிஸில் நாங்கள் அடிக்கடி கேட்பது. தனியாக இருப்பவர்களுக்கும், பெண்களுக்கும், காது மந்தமானவர்களுக்கும் அது அதிகம். அத்தையின் பேச்சில் இரண்டும் கலந்திருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த டிவி சத்தம் என் கண்ணில் பெரிதாகப் படுகிறது. மேலே யாரோ நாற்காலி நகர்த்தும் சத்தம் அரைகுறையாகக் காதில் விழுந்தால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். காது கேளாமை டிமென்ஷியாவுக்கே ஒரு காரணி, அதுவும் சரிசெய்யக்கூடிய காரணி. காதைப் பரிசோதித்து, தேவையென்றால் ஹியரிங் எய்டு போடுங்கள். கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரிப்பு மாத்திரையும் அப்படித்தான். பழைய வகை அரிப்பு, சளி மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், சிறுநீரை அடக்கத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் வயதான மூளையைக் குழப்பும். ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்க்க வேண்டும், மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ஒருவேளை இரண்டே நாளில் குழப்பம் திடீரென்று ஏறினால் அது டெலீரியமாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றுகூட அதைச் செய்யும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் முதியோர் மனநலத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். எங்கே காட்டினாலும் ஞாபகப் பரிசோதனையைத் தமிழில் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பாட்டியை அதற்கு முன் வேறோர் இடத்தில் கன்னடத்தில் சோதித்திருந்தார்கள், ‘இது என்ன மாதம்’ என்றதற்கு அவர் ‘மாசி’ என்றிருக்கிறார், சரியான பதில், ஆனால் தாளில் தப்பு என்று போட்டிருந்தது. நான் தமிழில் உட்கார்ந்து கேட்டபோது அவர் இழந்த மதிப்பெண்ணில் பாதி திரும்பி வந்தது. அந்தத் தாளை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. முதல் சோதனையில் நன்றாகச் செய்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு மூன்று வருஷம், திரும்பச் செய்ய வேண்டும். இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

மனநல மாத்திரையே ஆகாது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகள் இறப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன, 17 ஆய்வுகளில் அது 1.6 முதல் 1.7 மடங்கு இருந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் கடுமையான எச்சரிக்கை விட்டது. ஆனால் டிமென்ஷியா இல்லாமல் 60-க்கு மேல் சைக்கோசிஸ் வந்தவர்களுக்கு, பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 100 மில்லிகிராம் அமிசல்பிரைட் என்ற சின்ன அளவிலேயே நல்ல பலன் தெரிந்தது. அதனால்தான் எந்த நோய் என்று தெரிவது முக்கியம். வேறு மாத்திரை தேவைப்பட்டாலும் குறைந்த அளவில் ஆரம்பித்து, எப்போது நிறுத்திப் பார்ப்பது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன செய்வது? கோலமாவு விஷயத்தில் சண்டை வேண்டாம். ‘யாரும் வரலை அத்தை’ என்று நூறு தடவை நிரூபித்தாலும் நம்பமாட்டார், ‘ஆமா, வந்தாங்க’ என்று தலையாட்டினாலும் பயம் கூடும். ‘ராத்திரி பயமா இருக்கா அத்தை? நான் பக்கத்திலேயே படுத்துக்கறேன், லைட் எரியட்டும்’ என்று அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். ஒன்று மட்டும், இந்த நடையில் மாவு மிதித்தால் வழுக்கும், வாசலை விட்டு ஓரமாகத் தூவ வையுங்கள். நகையை அவர் மகனே, அவர் கண்ணெதிரிலேயே, பேங்க் லாக்கரில் வைக்கட்டும். மேல் வீட்டுக்காரர்களிடம் உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திருட்டுப் பட்டம் பொதுவாகப் பக்கத்திலேயே இருந்து சோறு போடுகிறவர் மேல்தான் விழுகிறது, நான் பார்த்த வீடுகளில் அது அநேகமாக மருமகள்தான். நீங்கள் எதுவும் தப்புச் செய்யவில்லை, அத்தை பொய்யும் சொல்லவில்லை, அவருக்கு அது அப்படியே தெரிகிறது. இதை உங்கள் கணவர் வாயால் உங்களிடம் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும், இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். உங்களுக்கு மனசு தாங்காத நாளில் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சந்தேகம் எந்த மாதம் எப்படித் தொடங்கியது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு, வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், அந்த அரிப்பு மாத்திரை அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.