சஷ்டி விரதமும் டமாக்சிஃபென் மாத்திரையும்

வணக்கம் சார். என் அக்காவுக்கு 45 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்து தினமும் டமாக்சிஃபென் 20 மி.கி. சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் உண்டு. பட்டினி இருந்தால் ஹார்மோன் மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, வரும் கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டி, ஆறு நாளும் பால், பழம், பானகத்தோடு இருக்கப்போகிறேன் என்கிறார். விடலாமா?
– வாசகி, திருமங்கலம்

அன்புள்ள வாசகிக்கு,

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை. இத்தாலியின் ஜெனோவா குழு 2020-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின் வால் அது. எலிகளுக்கு டமாக்சிஃபெனோடு இடையிடையே பட்டினியும் போட்டபோது கட்டி கூடுதலாக அடங்கியது. மாத்திரை ஈஸ்ட்ரோஜன் வழியை அடைத்தாலும் இன்சுலின், ஐ.ஜி.எஃப்-1 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்), லெப்டின் (கொழுப்பிலிருந்து சுரக்கும் ஹார்மோன்) ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு புற்றுச் செல் வளரப் பார்க்கும். பட்டினியில் இந்த மூன்றும் இறங்குவதால் அந்தப் பின்வாசலும் சாத்தப்படுகிறது. மனிதர்களில் பார்த்தது 36 பேரிடம்தான். அவர்களுக்கும் மூன்றும் இறங்கின. ஆனால் நோய் திரும்பாமல் நிற்குமா என்று சொல்ல அது போதாது.

அங்கே கொடுத்தது 5 நாளுக்கு அளந்த தாவர உணவு. புரதமும் சர்க்கரையும் குறைவு. சில வாரம் விட்டு மறுபடி ஒரு சுற்று; நடுவில் நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அக்காவின் பட்டியலைப் பாருங்கள். வாழைப்பழமும் வெல்லப் பானகமும் உள்ளே போகும்போதெல்லாம் இன்சுலின் ஏறும். பாலின் புரதம் ஐ.ஜி.எஃப்-1-ஐ இறங்கவிடாது. முருகனுக்கு இருக்கும் விரதம் முருகனுக்கு. இதை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

எனக்குப் பயம் கிளிமிபிரைடுதான். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். காலையில் பழக்கத்தில் அதைப் போட்டுவிட்டு, அரை டம்ளர் பாலோடு கிரிவலம் நடந்தால் பாதி வழியில் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். மீட்டரில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். அந்த நேரத்தில் விரதம் பார்க்கக் கூடாது. பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரையும் இருந்தால் இன்னும் சிக்கல்: மீட்டரில் சர்க்கரை ஒழுங்காகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலம்) ஏறி ஆளைச் சாய்த்துவிடும்.

தண்ணீர் கூடக் குடிக்காத விரதம் வேண்டவே வேண்டாம். டமாக்சிஃபென் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் மருந்து. உடம்பு வற்றினால் அது இன்னும் மோசம். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள்.

விரத நாளில் மாத்திரையும் ஆகாது என்று டமாக்சிஃபெனை மட்டும் நிறுத்திவிடப் போகிறார்! வெறும் வயிற்றிலும் அதைப் போடலாம். (எக்ஸெமெஸ்டேன் என்ற வேறொரு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும்.)

காப்புக் கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஹெச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட், மூன்று மாத எடைக் குறிப்பு, எல்லா மாத்திரை அட்டைகளோடும் கேன்சர் டாக்டரையும் சர்க்கரை டாக்டரையும் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டிருந்தால் இந்த வருஷம் ஆறு நாள் வேண்டாம். சூரசம்ஹாரத்தன்று மட்டும் ஒரு வேளை விட்டு இருக்கலாமா, அன்றைக்கு கிளிமிபிரைடு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.