‘எஞ்சின் கழற்றிப் பூட்டினது அண்ணை!’ – பில் எங்கே தம்பி?

நவம்பர் பிறந்தால் என் மின்னஞ்சல் பெட்டிக்குப் பனிக் காய்ச்சல் பிடித்துவிடும். உடுப்புத் தோய்க்கும் மெஷின், பாவித்த கார், தொலைபேசிக் காப்புறுதி எல்லாம் ஓய்ந்து, "அண்ணை, ஒரு ஸ்லெட் பார்த்தனான்" என்று கடிதங்கள் தொடங்கும். ஸ்லெட் என்றால் ஸ்னோமொபைல், பனியில் ஓடும் மோட்டார் வண்டி. கல்கரியிலும் எட்மன்டனிலும் வளர்ந்த எங்கள் பெடியள் சனி, ஞாயிறில் ரெவெல்ஸ்டோக், கோல்டன், வேல்மவுண்ட் மலைகளுக்கு ஏறுகிறார்கள். புதியது 20,000 டொலரைத் தொட்டும் தாண்டியும் நிற்பதால் பழையதை வாங்கி வீட்டுக் கராஜில் கழற்றிப் போடுகிறார்கள். ஆகவே இம்மாதம் முழுக்க ஸ்லெட்தான். ரொறன்ரோ வாசகர்களுக்கு ஒரு வரி: மலை ஸ்லெட்டின் ட்ராக், அதாவது அடியில் சுழலும் ரப்பர் பட்டி, 154 முதல் 175 அங்குலம் வரை நீளும், பனியை வாரும் துடுப்புகள் 2.5 முதல் 3 அங்குலம் உயரம். உங்கள் பக்கத்துப் பாதைகளில் ஓடுவதோ அநேகமாக 137 அங்குலத்துக்குள்.

கேள்வி: 2014 ஸ்கி-டூ கம்பனியின் சமிட், 800 ஈ-டெக் எஞ்சின், 163 அங்குல ட்ராக். 5,500 டொலர் கேட்கிறார். "எஞ்சின் புதிதாக ரீபில்ட், இன்னும் ஓடவே இல்லை" என்று விளம்பரம். நண்பர் ஒருவர் செய்தாராம், பில் இல்லையாம். வாங்கலாமா? – எட்மன்டன் வாசகர்

பதில்: ‘ரீபில்ட்’, அதாவது கழற்றிப் பூட்டியது என்கிற இந்த ஒரு சொல் எனக்கு 2,600 டொலர் செலவு வைத்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் கம்லூப்ஸ் பக்கம் ஒரு வீட்டு வாசலில் கார்பரேட்டர் வைத்த 800 சிசி ஸ்லெட் ஒன்றைப் பார்த்தேன். நான் போய் இறங்கியபோதே எஞ்சின் சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் சூடாக்கி வைத்தேன்" என்றார் மனிதர். நல்ல மரியாதை என்று நினைத்தேன். குளிரில் அது எப்படிக் கிளம்பும் என்பதை நான் பார்க்கக்கூடாது என்பதற்கான மரியாதை அது. பிஸ்டன் புதிது, ரிங் புதிது என்றார். பில் கேட்க வெட்கப்பட்டுக் காசை எண்ணிக் கொடுத்தேன். மூன்றாவது ஓட்டத்தில், கோல்டனுக்கு மேலே குவார்ட்ஸ் க்ரீக்கில், எஞ்சின் ஒரு கத்துக் கத்திவிட்டு இறுகிப்போனது.

கராஜில் திறந்தேன். பிஸ்டன் உண்மையிலேயே புதிதுதான், மனிதர் பொய் சொல்லவில்லை. ஆனால் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் காந்தப் பக்கத்து சீல் காய்ந்து கல்லாகியிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கிராங் பெட்டிக்குள்ளால்தான் மேலே போகின்றன. அந்த சீல் வழியே திருட்டுக் காற்று புகுந்தால் கலவை மெலிந்து, பிஸ்டன் வெந்துபோகும். அதற்கு முந்திய பிஸ்டனும் அப்படித்தான் செத்திருக்கும். புதியதைப் போட்டவர் பழையது ஏன் செத்தது என்று கேட்கவே இல்லை.

விளம்பரங்களில் ‘ரீபில்ட்’ என்றால் என்னவெல்லாம் தெரியுமா? சிலருக்கு ரிங் மாற்றியது. சிலருக்குப் பிஸ்டனும் கேஸ்கட்டும். கிராங்கை வெளியே எடுத்து, பேரிங், சீல் எல்லாம் மாற்றி, பெட்டிக்குக் காற்று ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தவர் நூறு விளம்பரத்தில் எத்தனை பேரோ! சிலிண்டர் உள்சுவரில் இருப்பது நிகாசில் பூச்சு. பழைய இரும்புச் சிலிண்டர் மாதிரிக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போட முடியாது. பூச்சு உரிந்திருந்தால் சிலிண்டரை அனுப்பித் திரும்பப் பூச வேண்டும், அல்லது வேறு வாங்க வேண்டும். உரிந்த சுவரில் புதுப் பிஸ்டனை இறக்கி, படம் எடுத்து, விளம்பரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே தம்பி, போகுமுன் தொலைபேசியில் சொல்லுங்கள்: எஞ்சினைத் தொடாதீர்கள், குளிரில் நானே இழுக்கிறேன். போனதும் கையை எக்ஸோஸ்ட்டில் வைத்துப் பாருங்கள். கொம்ப்ரெஷன் மீற்றர் கொண்டுபோங்கள். திறொட்டில் முழுக்கத் திறந்து, ஊசி நிற்கும்வரை இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். கல்கரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல், எட்மன்டனும் தாழ்வல்ல. வான்கூவர்க்காரர் சொல்லும் எண் இங்கே வராது, அதற்குப் பயப்பட வேண்டாம். பிறகு எக்ஸோஸ்ட்டைக் கழற்ற விடுவாரா என்று கேளுங்கள். டோர்ச் அடித்தால் துளை வழியே பிஸ்டனின் பக்கம் தெரியும், நெட்டுக்குக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். முன் கிளட்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் கிராங் பேரிங் போய்விட்டது, கொம்ப்ரெஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பில் இல்லையென்றால் அது கழற்றிப் பூட்டாத எஞ்சின். அந்த விலைக்குக் கேளுங்கள். பூட்டிய நண்பரின் இலக்கத்தையும் கேளுங்கள். அப்படி ஒரு நண்பர் அநேகமாக இருக்கமாட்டார்.

கேள்வி: படத்தில் நல்ல ஸ்லெட். பார்க்க வருமுன் 500 டொலர் இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பினால் வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பாராம். – ஏர்ட்ரி

பதில்: அனுப்பாதீர்கள். மறுபக்கக் கணக்கில் விழுந்த பின் அந்தக் காசை வங்கி திருப்பித் தராது.

கேள்வி: என் 154 அங்குல ஸ்லெட்டுக்கு மலிவு விற்பனையில் 174 அங்குல ட்ராக் வாங்கினேன். "3.0" என்று போட்டிருந்தது, 3 அங்குலத் துடுப்பு என்று நினைத்தேன். பூட்டிப் பார்த்தால் பல்லில் உட்காரவில்லை, துடுப்பும் 2.5 அங்குலம்தான். கடை திருப்பி எடுக்க மறுக்கிறது. இது மோசடி இல்லையா? – பெயர் வேண்டாம்

பதில்: இல்லை. "3.0" என்பது பிட்ச், அதாவது ட்ராக்கின் உள்பக்கத்தில் டிரைவர் சக்கரம் பிடிக்கும் ஒரு கட்டை வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம். ட்ராக்கைச் சுற்றும் உங்கள் டிரைவர் சக்கரத்தின் பல் 2.86 பிட்சுக்கு உரியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடை எல்லா எண்களையும் போட்டிருந்தது, நீங்கள் ஒன்றை மட்டும் வாசித்தீர்கள். பத்து வரிசையை அளந்து பத்தால் பிரித்திருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. அதோடு 20 அங்குலம் கூடிய ட்ராக்கை எங்கே வைப்பதாக யோசனை? ட்ராக்கை உள்ளிருந்து தாங்கும் ரெயிலை நீட்ட வேண்டும், மேலே மூடும் உலோகக் கூடான டனலும் நீள வேண்டும். பூட்டி, ஒயில் பிரட்டிய ட்ராக்கை எந்தக் கடை திருப்பி எடுக்கும்? டிசம்பர் முடியுமுன் விற்றுவிடுங்கள். மார்ச்சில் பாதி விலையும் வராது.

கேள்வி: ஒருவரிடம் 7,000 டொலருக்கு ஸ்லெட் வாங்கினேன். கராஜில் வைத்து சஸ்பென்ஷன், கிளட்ச், பெல்ட் என்று இன்னும் 2,000 போட்டேன். மூன்று மாதத்தின் பின் ஒரு கடன் கம்பனியிலிருந்து அழைப்பு: ஸ்லெட் மேல் பழைய சொந்தக்காரரின் கடன் நிற்கிறதாம், வந்து தூக்கப்போகிறார்களாம். விற்றவர் தொலைபேசி எடுப்பதில்லை. இரவில் நித்திரை இல்லை. – ரெட் டீர்

பதில்: முதலில் ஆறுதலாக இருங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

இங்கே எல்லோரும் ‘லீன்’ என்கிற இந்தக் கடன், அல்பேர்ட்டாவில் வண்டியின் சீரியல் இலக்கத்தோடு பதிவாகிறது. வண்டி கைமாறினாலும் கடன் அதோடு கூடவே போகும், தெரியாமல் வாங்கினேன் என்பது அநேகமாக உதவாது. ஆனால் தொலைபேசியில் மிரட்டுகிறவருக்கெல்லாம் கராஜைத் திறந்துவிடாதீர்கள். கடன் ஒப்பந்தத்தையும் பதிவையும் எழுத்தில் கேளுங்கள். டனலில் குத்தியிருக்கும் 17 எழுத்து இலக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கம் பிழையாகப் பதியப்பட்டிருந்தால் கதையே மாறலாம், ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அல்பேர்ட்டாவில் பறிமுதல் செய்ய வருவது முறைப்படி நியமிக்கப்பட்ட பெய்லிஃப். கம்பனியின் மச்சான் லொறியோடு வந்தால் அது வேறு விஷயம்.

விற்றவர் மேல் வழக்குப் போடலாம். அல்பேர்ட்டா நீதிமன்றத்தின் சிவில் பிரிவில் 2023 ஓகஸ்ட் முதல் 100,000 டொலர் வரை கேட்க முடியும், சட்டத்தரணி இல்லாமலும் போகலாம். விளம்பரப் படம், குறுஞ்செய்திகள், காசு அனுப்பிய பதிவு, நீங்கள் போட்ட 2,000 டொலருக்கான பில்கள் எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் போடுங்கள். அந்தப் பில்கள் உங்களிடம் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள், கெட்டிக்காரன்.

மற்றவர்களுக்கு: எந்த ரெஜிஸ்ட்ரி கடையிலும் சீரியல் இலக்கம் கொடுத்து லீன் தேடலாம், அது ஒரு பெல்ட் விலையில் சிறு பங்குதான். களவு போனதா என்பதை மத்திய பொலிஸான ஆர்சிஎம்பியின் சிபிக் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். டனலில் இலக்கமே இல்லை, "டனல் மாற்றினது அண்ணை" என்றால், பழைய டனலையோ மாற்றிய பில்லையோ காட்டச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: உடைத்து விற்கிறவரிடம் பாவித்த ஈ-டெக் இன்ஜெக்டர் 250 டொலருக்கு வாங்கிப் பூட்டினேன். எஞ்சின் இருமுகிறது. "வேலை செய்த சாமான்தான், திருப்பி எடுக்கமாட்டேன்" என்கிறார். – லெத்பிரிட்ஜ்

பதில்: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஈ-டெக்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு பெற்றோல் தெளிக்கிறது என்ற தரவு அதற்கென்று தனியாக உண்டு, அதை எஞ்சின் கணினியில் ஏற்ற வேண்டும். இன்ஜெக்டரின் சீரியல் இலக்கத்தோடு டீலரிடம் போய்க் கேளுங்கள். அவர்களுடைய மென்பொருளில்தான் அது நடக்கும், ஸ்பானரால் அல்ல. இதைச் சொல்லாமல் விற்றவரை என்ன செய்வது? தெரிந்தே மறைத்தாரா, அவருக்கே தெரியாதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதே கடையில் கணினிப் பெட்டியும் திறப்பும் தனித்தனியாக வாங்க யோசிக்கிறவர்கள் நில்லுங்கள்: திறப்பும் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் காணும்படி பதியப்பட்டவை, அதுவும் டீலர் வேலைதான்.

கேள்வி: 2012 ஸ்லெட்டுக்கு டர்போ கிட் போட்டால் 190 குதிரை சக்தி வருமாம். 5,000 டொலர் தாங்குமா? – கல்கரி

பதில்: உங்கள் பேர்ஸ் தாங்கும். கிராங், கிளட்ச், பெல்ட் தாங்குமா என்றல்லவா கேட்க வேண்டும்? ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று வீதம் சக்தி மலையில் குறையும், டர்போ ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஸ்கி-டூ 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ வைத்தபோது 8,000 அடி வரை 165 குதிரை சக்தியைக் கைவிடாமல் வைத்திருப்பதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். அதற்கென்றே வடிவமைத்த எஞ்சின் அது. உங்களுடையது பத்து வயது தாண்டிய எஞ்சின். முதலில் ஏறும் உயரத்துக்கு ஏற்றபடி கிளட்ச் வெயிட்டும் ஸ்பிரிங்கும் மாற்றிப் பாருங்கள். சில நூறு டொலரில் வேறு வண்டி போல இழுக்கும்.

கேள்வி: என் கணவர் வீட்டோடு ஒட்டிய கராஜில் ஸ்லெட் திருத்துகிறார். பாகங்களைப் பெற்றோலில் கழுவுகிறார். கதவைக் கால்வாசி திறந்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறார். மணம் பிள்ளைகளின் அறைக்கு வருகிறது. ஒன்றும் நடக்காது என்கிறார். – ஒரு மனைவி

பதில்: தங்கச்சி, இந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். மணக்கும் புகை வீட்டுக்குள் வந்தால் மணக்காத கார்பன் மொனொக்சைடும் கூடவே வருகிறது. பிள்ளைகளின் அறைக்கு வெளியே ஒரு அலாரம், இன்றைக்கே. ஸ்லெட்டை ஓட்டிப் பார்ப்பது முற்றத்தில். மைனஸ் இருபதா? ஜக்கெட் போடட்டும். பாகங்களைக் கழுவவென்றே திரவம் விற்கிறார்கள். பக்கத்தில் எரியும் வெந்நீர் அடுப்பின் சின்னச் சுடருக்குப் பெற்றோல் ஆவி தரை வழியாக நடந்தே போகும். காப்புறுதிக் கம்பனிக்கும் இவர் செய்வது தெரியுமா என்று கேளுங்கள். அதற்கு மட்டும் பயப்படுவார்.

கேள்வி: 80 டொலருக்குப் பழைய பனிச்சரிவு டிரான்ஸ்சீவர், பனியில் புதைந்தவரைத் தேடும் கருவி. எல்லாம் ஒரே 457 கிலோஹேர்ட்ஸ் தானே, எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அலைவரிசை ஒன்றுதான், ஆனால் பழைய ஒற்றை அன்டெனாவோடு ஒருவரைத் தேடி எடுக்கும் நேரம் ஒன்றல்ல. 2010 மார்ச்சில் ரெவெல்ஸ்டோக்குக்கு மேலே போல்டர் மலையில் ஸ்லெட்காரர் கூடிய இடத்தில் சரிவு விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஸ்லெட்டின் கைப்பிடி உயர்த்த 300 டொலர் செலவழித்ததாக அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் வேண்டியது மூன்று அன்டெனா உள்ள புதியது, பனியைக் குத்திப் பார்க்கும் நீள்கம்பி, மண்வெட்டி, ஒரு பயிற்சி வகுப்பு. அவலாஞ்ச் கனடா அமைப்பின் பனிச்சரிவு முன்னறிவிப்பு இலவசம், அதையும் பாருங்கள்.

கேள்வி: ஒன்ராறியோவில் பேரி பக்கம் தட்டையான பாதையில்தான் ஓடுவேன். ஆனால் மலை ஸ்லெட் வடிவாக இருக்கிறது.

பதில்: இறுகிய பாதையில் துடுப்பு வாரி எறியப் பனி இல்லை. டனலுக்குக் கீழே குளிரூட்டிக்குப் பனி தெறிக்காவிட்டால் எஞ்சின் கொதிக்கும், ரெயிலின் பிளாஸ்ரிக் சறுக்கிகள் உருகும். வடிவென்றால் படம் வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: போன வருடம் நீங்கள் கழற்றிப் பூட்டிய ஸ்லெட் விற்றாகிவிட்டதா? லாபமா? – பல வாசகர்கள்

பதில்: இல்லை. 3,800க்கு வாங்கி, கிராங், சிலிண்டர் பூச்சு, ட்ராக், கிளட்ச் என்று 4,300 போட்டேன். 6,500 கேட்டேன், பிறகு 5,900. போன ஞாயிறு ஒரு பெடியன் வந்தான். எஞ்சினைத் தொடாமல் குளிரில் வைத்திருந்தேன், முதல் இழுப்பிலேயே கிளம்பியது. பில் கோப்பைப் பெருமையாக நீட்டினேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, தொலைபேசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இவ்வளவு காசு போட்டா இதைத் திருத்தினீங்கள்? அப்ப இதிலை ஏதோ பெரிய பிழை இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.