மல்லி இலையும் மருமகளின் மூக்கும்

ஐயா, வணக்கம். ரசத்தில் மல்லி இலை தூவினால் என் மருமகள் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுகிறா. சவர்க்காரம் மணக்குதாம். மற்றதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறா. இதற்கு ஒரு பரம்பரையலகு, அதாவது ஜீன், இருக்கிறது என்கிறான் மகன். உண்மைதானா, இல்லை மனைவிக்குப் பரிந்து கதைக்கிறானா?
ஒரு மாமியார், வெள்ளவத்தை

அன்புள்ள அம்மா,

பரிந்தும் கதைக்கிறார், உண்மையும் கதைக்கிறார்.

மருமகள் நடிக்கவில்லை. மல்லி இலைக்கு மணம் தருபவை அல்டிகைட்டு என்ற இரசாயனப் பொருள்கள்; அவற்றின் இனம் சவர்க்காரத்திலும் உண்டு. மணத்தைப் பிடிப்பவை மூக்கின் உட்கூரையில் இருக்கும் நரம்புக்கலங்கள். அவற்றின் மேல் வாங்கி எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. மனிதரில் ஏறக்குறைய 400 வகை, வகைக்கொரு பரம்பரையலகு. இந்தப் பரம்பரையலகுக் குடும்பத்தை 1991இல் எலியில் கண்டறிந்த விஞ்ஞானிகள் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

மகன் சொன்னது, பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 11ஆவதில் உள்ள ஓஆர்6ஏ2 என்ற பரம்பரையலகாகத்தான் இருக்கும். அது ஆக்கும் வாங்கிக்கு அல்டிகைட்டு என்றால் உடனே தெரியும். 2012இல் வெளியான ஆய்வொன்றில் 25,000க்கும் அதிகமானோரிடம் மல்லி இலை பற்றிக் கேட்டார்கள். சவர்க்காரம் என்று சொன்னவர்களிடம் இந்தப் பரம்பரையலகின் அக்கம்பக்கத்தில், டிஎன்ஏ எழுத்து வரிசையில், ஓரெழுத்து மாற்றம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது.

அந்தச் 'சற்று'வை மகன் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். அதே மாற்றம் இருந்தும் இலையை விரும்பித் தின்பவர்கள் ஏராளம். பழக்கமும் சேர்ந்துதான் மூக்கைப் பழக்குகிறது. எங்கள் வீட்டில் மல்லி என்றால் கொட்டைதான். தடிமன் பிடித்தால் வேர்க்கொம்போடு அவித்துத் தருவார்கள். இலையை நான் முதலில் கண்டது வெள்ளவத்தைச் சைவக் கடையொன்றின் சாம்பாரில். மூட்டைப்பூச்சி நசுங்கிய மணம் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன். இப்போது அது இல்லாவிட்டால் சாம்பாரில் ஏதோ குறைகிறது. என் பரம்பரையலகு மாறவில்லையே!

ஒன்று செய்து பாருங்கள். மருமகளுக்கு மல்லித் தண்ணி அவித்துக் கொடுங்கள். காய்ந்த கொட்டையில் மேலோங்கி நிற்பது லினலூல் என்ற வேறொரு பொருள். இலையின் நெடி அதில் இராது. முகம் சுளிக்காமல் குடித்தால், அவவுக்கு மல்லியோடு கோபமில்லை, இலையோடுதான். இலையை நன்றாக அரைத்துச் சட்னியாக்கினாலும் சிலருக்கு அந்த நெடி தணிகிறது.

அதுவரை ரசத்தில் இலை தூவ முதலே அவவின் கோப்பையை நிரப்பி எடுத்து வைத்துவிடுங்கள். மல்லித் தண்ணிக்கு என்ன சொன்னா என்று எனக்கும் எழுதுங்கள்.