வேலையில் இருந்தபோது வரைந்த படங்களைப் புத்தகமாகப் போடலாமா?

கம்பெனி உங்களை வேலையை விட்டு அனுப்புகிறது; நீங்கள் வரைந்த படங்கள் "எல்லாம் எங்களுக்கே" என்கிறது எச்.ஆர்.; சொந்தமாக வரைந்த சிறுவர் கதைப் படங்களைப் புத்தகமாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் வீட்டில் வரைந்த அந்தப் படங்கள் பெரும்பாலும் உங்களுடையவைதான்; பணி நியமனக் கடிதம் தடுக்காவிட்டால் தாராளமாகப் போடலாம். கம்பெனி ஆப்புக்காக வரைந்த பாத்திரங்கள் வேறு கணக்கு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளி. அவர்களே உங்களை வேலையை விட்டு அனுப்பினாலும் அது மாறாது. (அநியாயமாகத்தான் தோன்றும்.)

"எல்லாம் எங்களுக்கே" என்று எச்.ஆர். சொன்னதற்குக் காரணம் அநேகமாகப் பணி நியமனக் கடிதத்தில் உள்ள ஒரு வரி. "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்" என்று இருக்கிறதா, "பணி தொடர்பாக உருவாக்கும் அனைத்தும்" என்றா? எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது என்றால் கவலை இல்லை. முதலாவது என்றால், செட்டில்மென்ட் தாள்களில் கையெழுத்துப் போடும் முன்பே படங்களின் பட்டியலை இணைத்து, இவை உங்கள் சொந்தப் படைப்புகள் என்று மெயிலில் ஒப்புதல் கேளுங்கள். கையெழுத்து வாங்கியபின் யாரும் பதில் போட மாட்டார்கள்.

தேதி தெரியும் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் வரைந்தவை ஏதாவது இருந்தால் மட்டும், வக்கீலிடம் காட்டாமல் புத்தகத்தில் சேர்க்க வேண்டாம்.