டயர் புடைத்தது, யாரும் பொறுப்பேற்க மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி: புதுக் கார் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. முன்பக்க டயரின் பக்கவாட்டில் முட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது. டயர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறது கார் கம்பெனி. பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது என்று டயர் கம்பெனி கைவிரிக்கிறது. டயரும் அவர்களிடமே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த டயரைத் திரும்ப வாங்குங்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். மறுபடி பரிசோதனைக்குக் கேட்டால், அதன் வரிசை எண்ணைக் குறித்துக் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரிப் புடைப்பு பெரும்பாலும் அடிபட்டுத்தான் வரும். உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளும். ஆனால் அடிபட்டிருந்தால் பெரும்பாலும் தடயமும் இருக்கும். கழற்றிய டயரின் உட்புறத்தில், புடைப்புக்கு நேர் பின்னால் தடவிப் பாருங்கள். கிழிசலோ, ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே நசுங்கிய இரட்டைத் தழும்போ தட்டுப்படலாம். ரிம் ஓரமும் பல நேரம் வளைந்திருக்கும். இதில் எதுவுமே இல்லையென்றால், இழை அடுக்கின் இணைப்பு விட்டிருக்கிறது, அதாவது தயாரிப்புக் கோளாறு என்று சந்தேகிக்க இடமுண்டு. எப்படியிருந்தாலும் டயரையும் ரிம்மையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுதிக் கேளுங்கள். டயரின் எந்த இடத்தில் எந்த அடையாளத்தை வைத்து அடிபட்டது என்று முடிவு செய்தீர்கள்? பரிசோதனை அறிக்கை எங்கே? ‘வெளிப்புறச் சேதம்’ என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தால் விடாதீர்கள்.

அதே கடிதத்தை கார் கம்பெனிக்கும் அனுப்புங்கள். டயருக்குத் தனி வாரண்டி என்பார்கள், பல இடங்களில் அது உண்மைதான். ஆனாலும் வண்டியோடு சேர்த்து விற்றவர்கள் அவர்கள். 2000-இல் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் தரையைத் தொடும் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தபோது, டயர்தான் கோளாறு என்றது ஃபோர்டு. ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் குறைவு, வண்டியிலும் குறை என்றது ஃபயர்ஸ்டோன். உயிர்கள் போனபோதும் பழியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதனால் நுகர்வோர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். அதற்கு முன், எந்தக் கம்பெனியையும் சாராத டயர் நிபுணர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

உங்கள் நாட்டின் வாகனப் பாதுகாப்பு அமைப்பிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். உங்களுக்குப் பணம் வாங்கித் தருவது அவர்கள் வேலையல்ல. ஆனால் ஒரே ரக டயரைப் பற்றிப் புகார்கள் சேர்ந்தால் விசாரணைக்கு வழி பிறக்கும்.

வழக்கு முடியும்வரை அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட மாட்டாதீர்கள். எந்த நேரமும் வெடிக்கலாம்.