குட்டி எஞ்சினும் கோச்சிச் சத்தமும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நான் செய்துகொண்டிருக்கும் குட்டி மாதிரி ஒன்றின் படம் வந்தது: எங்கள் இலங்கை ரயில்வேயின் எம் 2 டீசல் எஞ்சின். ஒரு சாண் அளவுச் சாமான். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து வீட்டில், "உங்களுக்கு கலியாணத்துக்குக்கூட இவ்வளவு கடிதம் வரவில்லை" என்றார்கள். முப்பது வருசம் பாடசாலையில் உலோக வேலை படிப்பித்தவன் நான், ரயில்வேக்காரன் இல்லை. ரயில்வேயில் இருந்தது என் மாமா, சீனக்குடாவில் பொயின்ற்ஸ்மன், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். எஞ்சின் கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தத்தை வைத்து எது வருகிறது என்று சொல்லுவார். கீழே இருக்கும் பதில்களில் பாதி அவரிடம் கேட்டுப் படித்தது.

வெளிநாட்டிலிருந்து அண்ணா 16.5 மில்லிமீற்றர் தண்டவாளம் வாங்கி அனுப்பினார். அதில் எங்கள் ஊர் எஞ்சினை ஓட்டலாமா? அளவு சரியாக வருமா? (மாணவன், கிண்ணியா)

ஓட்டலாம் தம்பி. அளவு சரியாக வராது.

எங்கள் தண்டவாளத்தின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர். ஓ.ஓ. என்கிற அளவில் எல்லாவற்றையும் ஏறக்குறைய 76 மடங்கு சுருக்குகிறோம். 1,676ஐ 76.2ஆல் பிரித்தால் 22 மில்லிமீற்றர் வரும். உன் அண்ணா அனுப்பிய 16.5ஐத் திரும்பப் பெருக்கிப் பார்: 1,257 மில்லிமீற்றர்தான். கிட்டத்தட்ட 42 சென்ரிமீற்றர் ஒடுங்கிப்போகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. நேர் முன்னால் குனிந்து பார்த்தால், கொழுத்த மனிசர் சின்னப் பிள்ளையின் சைக்கிளில் வருகிற மாதிரி இருக்கும்.

இது எங்களுக்கு மட்டும் வந்த வில்லங்கம் இல்லை. அயர்லாந்தில் தண்டவாள அகலம் 5 அடி 3 அங்குலம். அங்கே கணக்கில் பிடிவாதமானவர்கள் இதே அளவில் 21 மில்லிமீற்றரில் தாங்களே பாதை போடுகிறார்கள். நானும் ஒரு வேகத்தில் 22இல் தொடங்கினேன். ஒரு மீற்றர் போட்டு முடிக்க மூன்று மாதம் போனது. அந்த ஒரு மீற்றர் இப்போது கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. உன்னுடைய முதல் எஞ்சினை 16.5இலேயே ஓட விடு. ஓடாத சரியான எஞ்சினை விட, ஓடுகிற பிழையான எஞ்சின் பிள்ளைக்கு நல்லது.

"கனடா டீசல்" என்று போட்டிருந்த ஒலி டிகோடர் (குட்டி எஞ்சினின் ஓட்டத்தையும் சத்தத்தையும் நடத்துகிற மின்னணுப் பலகை) ஒன்றை வாங்கி எம் 2க்குள் வைத்தேன். ரயில்வேயில் வேலை செய்த அப்பா கேட்டுவிட்டு "இது எம் 2 இல்லை" என்கிறார். ஆனால் எம் 2 கனடா எஞ்சின்தானே? (தம்பலகாமம்)

அப்பாவின் காதுக்கு ஒரு கும்பிடு. கனடா என்பது சரிதான், ஆனால் கனடாவிலிருந்து எங்களுக்கு வந்தது ஒரு குடும்பம் இல்லை, இரண்டு.

எம் 2 ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில், ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் செய்தது. ஜி 12 வகை. கொழும்புத் திட்ட உதவியில் 1954இல் வரத் தொடங்கியது. எம் 4 மொன்றியல் லோக்கோமோட்டிவ் வேர்க்ஸ் செய்தது, 1975இல் வந்தது. இரண்டுக்கும் 12 சிலிண்டர், இரண்டும் வி வடிவம். ஆனால் எம் 2க்குள் இருப்பது இரண்டு வீச்சு எஞ்சின். எம் 4க்குள் இருக்கும் அல்கோ 251 நான்கு வீச்சு. இரண்டு வீச்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாச் சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்கும். நான்கு வீச்சில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான்.

கணக்குப் போட்டால் அப்பா சொன்னது விளங்கும். எம் 2இன் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 835 சுற்று. 12 சிலிண்டரால் பெருக்கி 60ஆல் பிரித்தால் செக்கனுக்கு 167 வெடிப்பு. சும்மா நிற்கும்போது 275 சுற்று. அப்போது 55 வெடிப்பு. அல்கோ 1,000 சுற்றில் ஓடினாலும் செக்கனுக்கு 100தான். அதனால்தான் எம் 2 ஒரே இழுவையாக முனகும், எம் 4 "தக்கு தக்கு" என்று மிதித்துக்கொண்டு வரும். போதாததற்கு எம் 4க்கு டேர்போ இருக்கிறது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற சாமான். மெல்லிய விசில் ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகும். சாரதி திடீரென்று இழுத்தால் டேர்போ வேகம் பிடிக்கும் வரை கரும்புகை தள்ளும். எம் 2இல் காற்றை உள்ளே தள்ளுவது எஞ்சினே சுற்றுகிற புளோவர். விசில் இல்லை.

உங்கள் டிகோடரில் விசில் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது அல்கோ. ஒலியை மாற்ற வழியில்லை என்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எம் 4 ஒன்று செய்யுங்கள், டிகோடர் வீணாகாது. புதிதாக வாங்குவதாக இருந்தால் பெட்டியில் நாட்டின் பெயரைப் பார்க்க வேண்டாம், எஞ்சினின் இலக்கத்தைப் பாருங்கள். 567 என்று இருந்தால் எம் 2க்குப் பொருந்தும். அது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். 645 அதன் தம்பி. எம் 6க்கும் எம் 7க்கும் உள்ளே இருப்பது அதுதான், எம் 7இல் 8 சிலிண்டர் மட்டும். 251 என்றால் எம் 4, அல்லது இந்தியாவின் வாரணாசியிலிருந்து வந்த எம் 8. எம் 8இல் 16 சிலிண்டர்.

வெளியே நிறம் எவ்வளவு நுணுக்கமாக அடித்திருந்தாலும், உள்ளே வேறொரு எஞ்சின் கத்தினால் எனக்கு அந்த மாதிரியைப் பார்க்கவே மனம் வராது. என் மனைவிக்கு இரண்டு சத்தமும் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு வாசற்படி.

என் எஞ்சின் வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது, குறையக் குறையச் சத்தமும் குறைகிறது. ஏதோ ஒன்று பொய்யாக இருக்கிறது. என்ன பிழை? (பாலையூற்று)

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பழக்கம் எங்கள் காதில் ஊறிவிட்டது, அதுதான். இந்த எஞ்சின்கள் டீசல்-மின் வகை. டீசல் எஞ்சின் ஜெனரேற்றரைச் சுற்றும், அந்த மின்சாரம் சில்லுகளோடு இருக்கும் மோட்டர்களுக்குப் போகும். எஞ்சினுக்கும் சில்லுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ஆகவே புறப்படும்போது வண்டி அசையுமுன் சத்தம் ஏறிவிடும். பாரம் அசைந்து வேகம் பிடித்த பிறகு சாரதி கைப்பிடியைக் குறைத்துவிட்டால், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் சும்மா முனகும். ரயில் ஊருக்குள் வரும்போது கவனியுங்கள். வேகமாக வருகிறது, ஆனால் கேட்பது பெட்டிகளின் தடதடப்புத்தான்.

டிகோடருக்குள் நாங்கள் மாற்றக்கூடிய அமைப்புகளுக்கு சீ.வீ. என்று இலக்கம் உண்டு. சீ.வீ. 3 என்பது வேகம் ஏறும் தாமதம், சீ.வீ. 4 இறங்கும் தாமதம். இரண்டையும் துணிந்து கூட்டுங்கள். எஞ்சின் நிற்க ஒரு மீற்றருக்கு மேல் எடுக்கும் அளவுக்குக் கூட்டினால் பிரேக்குக்கு ஒரு பொத்தானை ஒதுக்க வேண்டிவரும். அப்புறம் நீங்களும் சாரதி மாதிரி முன்கூட்டியே யோசித்து ஓட்டத் தொடங்குவீர்கள். எம் 2இன் கைப்பிடிக்கு 8 படிகள். சில டிகோடர்களில் அந்தப் படிகளைச் சில்லு வேகத்திலிருந்து பிரித்துக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். இந்த வசதி இருந்தால் விலை கூடினாலும் வாங்குங்கள் என்பேன்.

ஸ்பீக்கர் தகரப் பேணிக்குள் கத்துகிற மாதிரி இருக்கிறது. (நிலாவெளி)

ஸ்பீக்கரின் பின்பக்கத்தை மூடினீர்களா? மூடாவிட்டால் முன்னால் வருகிற காற்றலையும் பின்னால் வருகிற காற்றலையும் ஒன்றையொன்று தின்றுவிடும், முதலில் போவது அடிக்குரல்தான். பிளாஸ்ரிக் தகட்டில் சின்னப் பெட்டி செய்து ஸ்பீக்கரை அதன் வாயில் ஒட்டுங்கள். மூலைகளில் ஊசி நுழையும் இடைவெளியும் இருக்கக் கூடாது. கைத்தொலைபேசிக்குள் இருக்கும் செவ்வகக் குட்டி ஸ்பீக்கர்கள் இதற்கு அருமையானவை. என்.சி. வீதியில் தொலைபேசி திருத்துகிற ஒரு பையன் பழுதான போன்களிலிருந்து கழற்றி எனக்குத் தருவான், தேநீர்ச் செலவுக்கு. டிகோடர் எத்தனை ஓம் கேட்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

55 வெடிப்பின் அடிக்குரலை அந்தச் சின்னச் சாமான் தராது. தரவும் வேண்டாம். அதன் இரட்டை, மும்மடங்கு அதிர்வுகள் தெளிவாகக் கேட்டால், இல்லாத அடிக்குரலைக் காதே போட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும், அந்த மாயமும் கலைந்துவிடும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பழைய எஞ்சினுக்குள் டிகோடர் வைக்குமுன் மோட்டரின் இரண்டு முனையும் உடம்புச் சட்டத்தைத் தொடவில்லை என்று மீற்றரால் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஒரு நொடி, ஒரு மணம், ஒரு மாத ஓய்வூதியத்தில் நல்லதொரு பங்கு.

எம் 2இன் சரியான நிறம் என்ன? என்னிடம் இருக்கும் நாலு படத்திலும் நாலு விதம். (உப்புவெளி)

எந்த வருசத்து எம் 2 என்று சொல்லாமல் "சரியான நிறம்" என்று கேட்டால் பதில் கிடையாது. 1954இல் வந்து இத்தனை பெரிய திருத்தங்களைப் பார்த்த எஞ்சின். ஒவ்வொரு தடவையும் சட்டை மாற்றியிருக்கிறது. முதலில் ஒரு இலக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குக் கனடாவின் ஊர், மாகாணப் பெயர்கள் உண்டு: 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா, 626 மொன்றியல். அப்புறம் ஒரே ஒரு படத்தைத் தெரிவு செய்து அதன் திகதியைக் கண்டுபிடியுங்கள். உங்கள் மாதிரி அந்த நாளுடைய எஞ்சின், வேறெந்த நாளுடையதும் இல்லை.

படத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய கலர்ப் பிரதிகள் வருசம் போகப் போகச் சிவந்துவிடும். கைத்தொலைபேசியோ தன் விருப்பத்துக்கு வெள்ளையைத் தீர்மானிக்கிறது. படத்துக்குள் நிறம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள்: ஒரு வெள்ளைச் சட்டை, தண்டவாளத்துக் கல். அது எவ்வளவு பிசகியிருக்கிறதோ அவ்வளவு எஞ்சினும் பிசகியிருக்கும். குட்டி எஞ்சினில், வீட்டு விளக்கின் கீழ், அசல் பெயின்ற் கருமையாகத் தெரியும். ஒன்றிரண்டு துளி வெள்ளை கலந்துதான் அடிப்பேன்.

அடிக்கும் காலமும் முக்கியம். மார்கழி மழைக்குள் அவசரப்பட்டு ஸ்பிறே அடித்தேன், காலையில் எஞ்சின் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி. ஈரக் காற்று செய்த வேலை. இப்போது கச்சான் காற்று வீசுகிற மாதங்களுக்குக் காத்திருக்கிறேன். காற்று காய்ந்திருக்கும், ஆனால் புழுதி. ஆகவே அடித்தவுடன் மேலே ஒரு ஐஸ்கிரீம் பேணியைக் கவிழ்த்துவிடுவேன்.

தண்டவாளம் அடிக்கடி கறுக்கிறது, எஞ்சின் நின்று நின்று போகிறது, சத்தமும் வெட்டி வெட்டி வருகிறது. (திருகோணமலை நகர்)

உப்புக் காற்றோடு குடியிருக்கிறோம், வேறென்ன. ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடையுங்கள். மண்தாள் போடாதீர்கள், கீறலுக்குள் அழுக்குக் குடியேறும். சில்லுகளையும் துடையுங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். டிகோடரோடு சேரும் மின்தேக்கி ஒன்று வைத்தால் ஒரு நொடித் தடங்கலைத் தாங்கும்.

எனக்கு 12 வயது. டிகோடர் வாங்கக் காசில்லை. (கந்தளாய்)

மேசைக்குக் கீழே ஒரு புளூடூத் ஸ்பீக்கர், கையில் அக்காவின் போன், அதில் நீ பதிவு செய்த சத்தம். மேசை மரமே அடிக்குரலையும் தரும். டிகோடர் வைத்தவர்களுக்குக் கிடைக்காத அடிக்குரல் அது.

உங்கள் எம் 2இன் ஒலியை எங்கே எடுத்தீர்கள்? (பல வாசகர்கள்)

திருகோணமலை நிலையத்தில்தான். இது கடைசி நிலையம் என்பதால் எஞ்சின் கழன்று, சுற்றிப்போய், மறுமுனையில் கொளுவ வேண்டும். மேடையில் நின்றபடியே சும்மா நிற்கும் முனகல், முதல் படி, கொளுவும் இடி, காற்றுக் குழாயின் சீறல் எல்லாம் கிடைக்கும். போனின் மைக்கில் ஒரு பழைய காலுறையைச் சுற்றினால் கடற்காற்றின் இரைச்சல் குறையும். ஒலியின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் முனகலும் முழக்கமும் ஒரே உயரத்தில் பதிவாகும். சொந்தப் பதிவை எல்லா டிகோடரிலும் ஏற்ற முடியாது. ஈ.எஸ்.யூ. நிறுவனத்தின் லொக்சவுண்ட் டிகோடரில் அதற்கான தனிக் கருவியை வைத்து ஏற்றலாம். நான் அதைத்தான் இரவல் வாங்கிச் செய்தேன்.

ஒரு நிமிட முனகலில் சுத்தமான எட்டுச் செக்கனை வெட்டி எடுத்து வளையமாக்கினேன். சுத்தம் என்றுதான் நினைத்தேன். ஏற்றி ஓட்டிப் பார்த்தால், எட்டுச் செக்கனுக்கு ஒரு தடவை எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு குரல்: "கச்சான்... கச்சான்..." மேடையில் கடலை விற்றவர். திருத்திப் போடலாம். இன்னும் திருத்தவில்லை.